ஏழரை பஸ்

கழிமேட்டிலிருந்து முதல் பஸ் நாலே முக்காலுக்கு.
அதை விட்டால் ஏழரைதான்.
அந்தப் பஸ்ஸுக்கு எங்கள் ஊரில்
வேறு பெயர் வைக்கத் தேவைப்படவில்லை.
அதில் ஏறிப்போனால்
கிண்டியில் டோக்கன் தீர்ந்திருக்கும்.

இருட்டில் நிற்கிறேன்.
ஜவுளிக்கடைப் பையில்
பத்தாவது, பன்னிரண்டாவது, இளங்கலை, முதுகலை,
சாதி, வருமானம், குடும்ப அட்டை,
எல்லாவற்றுக்கும் இரண்டிரண்டு நகல்,
மேலே, தயிர்சாதம் கசியாதபடி இன்னொரு பை.

ஆர்.ஐ. கையெழுத்துக்கு நாலு நடை.
முதல் தடவை ஜமாபந்தி,
அடுத்தது வெள்ள நிவாரணக் கணக்கு,
மூன்றாம் தடவை "இப்பத்தான் டீக்குப் போனார்",
நாலாவதில் டீக்கடையிலேயே பிடித்தேன்.
பைக் சீட்டின் மேல் வைத்துப் போட்டார்.
ரெக்ஸினின் சொரசொரப்பு
அவர் பெயருக்குள் இறங்கியிருக்கிறது.

கண்டக்டர் கேட்கிறார், எங்கம்மா?
பொன்னேரி.
தொகை இல்லாத சீட்டைக் கிழித்துத் தருகிறார்.
இன்று முழுவதும் எனக்கு இலவசம்
இந்தப் பதினெட்டு கிலோமீட்டர் மட்டும்.

பிறகு ரயில், மூர் மார்க்கெட்.
சுரங்கப்பாதை, பூங்கா நிலையம், மறுபடி ரயில்.
கிண்டியில் படியிறங்கும்போதே
ஓடக்கூடாது என்று நினைத்துக்கொண்டே ஓடினேன்.
டோக்கன் நாற்பத்தொன்று.

பக்கத்து நாற்காலி வேதாச்சலம்,
அச்சிறுப்பாக்கம் தாண்டி உள்ளே ஏதோ ஊர், பி.இ.
"நான் நேத்தே வந்துட்டேங்க,
எழும்பூர்ல படுத்துக்கிட்டேன்" என்றார்,
சொந்தக்காரர் வீட்டைச் சொல்வதுபோல.

படிவத்தில் ஏழாவது வரி:
தற்போது செய்யும் வேலை.
ஏதுமில்லை என்று எழுதவேண்டும்.
எழுதினேன்.
பேனாவைப் பிடித்த விரல் வெடிப்பில்
நேற்று உரித்த இறாலின் உப்பு எரிந்தது.
கிலோவுக்கு இவ்வளவு என்று
ஷெட்டில் எண்ணித் தருவார்கள்,
ரசீது கிடையாது, ஆகவே அது வேலை கிடையாது.
இறாலுக்குப் பத்தொன்பது இணை உறுப்புகள்;
படம் வரைந்து பாகம் குறித்து
பதினைந்துக்குப் பதினாலு வாங்கியவள் நான்.
ஷெட்டில் அதையெல்லாம் யாரும் எண்ணுவதில்லை,
தலை, ஓடு, குடல், அவ்வளவுதான்.

ஷெட்டில் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.
இங்கே வேலை இல்லை என்று எழுதியிருக்கிறேன்.
இரண்டு பொய்களுக்கு நடுவில்
ஒரு பஸ், இரண்டு ரயில்.

சர்வர் வரலை, உட்காருங்க.
உட்கார்ந்தோம்.
மின்விசிறி எல்லார் காகிதங்களையும்
ஒரே மாதிரி புரட்டிப் பார்த்தது.

"அமலோற்பவம்."
கவுன்டரில் சின்னப் பெண்.
திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
மறுபடி திரையை.
"உங்களுக்கு மூணு வருஷம் முடிஞ்சிடுச்சுக்கா.
இந்தக் காலாண்டோட உதவித்தொகை நின்னுடும்.
பதிவு இருக்கும்.
மறக்காம புதுப்பிச்சுட்டே இருங்க,
மூப்பு போயிடக் கூடாது."

பதிவுக்கு மூப்பு உண்டு.
என் பதிவுக்குப் பதினாறு வயது.
பிள்ளையாக இருந்தால் இந்நேரம்
பத்தாவது முடித்து
எதிர்த்துப் பேசிக்கொண்டிருக்கும்.

மாதம் அறுநூறு.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை செல்போன் சிணுங்கும்.
ஷெட்டில் அந்தச் சத்தம் கேட்டால்
கையைத் துடைக்காமலே எடுத்துப் பார்ப்பேன்.

வெளியே வந்தபோது ஒன்றே முக்கால்.
தயிர்சாதம் புளித்துவிட்டிருந்தது, சாப்பிட்டேன்.
நகல் இரண்டாவது செட் அப்படியே இருந்தது.
அதை யாருமே கேட்கவில்லை.

திரும்பும் ரயிலில் காலிக் கூடைகளோடு மீன்காரிகள்.
பேசின் பிரிட்ஜில் வண்டி நின்றது,
எப்போதும் நிற்குமிடத்தில்.
எதிரில் இருந்தவள் பையைப் பார்த்துக் கேட்டாள்:
"வேலைக்குப் போயிட்டு வர்றியா?"
ஆமாம் என்று வந்துவிட்டது.
"தெனமுமா?"
"இல்லக்கா. வருசத்துக்கு ஒரு தரம்."

அவள் சிரிக்கவில்லை.
கூடையை ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டு நகர்த்தி
நான் கால் நீட்ட
இடம் விட்டாள்.